கைட்டோசான் படலம் தண்ணீரில் கூழாவது ஏன்?
1% அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) கரைத்து வார்த்த படலம், செல் வளர்க்கத் தண்ணீரில் போட்டதும் ஊறிக் கூழாகிறது என்கிறீர்கள். கைட்டோசான் தரத்தைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்: காய்ந்த பிறகும் அமிலம் கைட்டோசான் அசிட்டேட் என்ற உப்பாக உள்ளே தங்குகிறது; அது தண்ணீரில் கரையும். சூட்டடுப்பில் (oven) வைத்து இன்னும் சூடேற்ற வேண்டாம், மஞ்சளாகி நொறுங்கும்.

நன்கு காய்ந்த படலத்தைத் தட்டோடு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் (100 மில்லிக்கு 4 கிராம்) அரை மணி நேரம் மூழ்க வையுங்கள்; இந்தக் காரம் அந்த உப்பை மீண்டும் தண்ணீரில் கரையாத கைட்டோசானாக மாற்றும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிறகு காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி, அலசிய நீரின் பிஎச் 7-க்கு வரும்வரை அலசுங்கள். இங்கே அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் காரம் செல்களைக் கொன்றுவிடும். சட்டத்தில் இழுத்துப் பிடித்துக் காயவையுங்கள், இல்லையேல் சுருண்டுவிடும். படலம் வளைந்துகொடுக்கக் கிளிசரால் சேர்த்திருந்தால் அது அலசலிலேயே போய்விடும். அதனால் அலசி முடித்தபின், காயவைக்கும் முன், நீர்த்த கிளிசராலில் முக்கி எடுங்கள்.