மலையில் நிறுத்திய டீசல் பிக்கப் காலையில் கிளம்ப மறுப்பது ஏன்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். என் பழைய டீசல் பிக்கப் காலையில் பத்துப் பன்னிரண்டு முறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பாட்டரி புதியது. அடுத்து எதை மாற்ற வேண்டும்?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். நேற்று இரவு வண்டியை ஏற்றம் பார்த்து நிறுத்தினீர்களா, இறக்கம் பார்த்தா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் கேத்தி பாலாடாப் பக்கம். இரவில் கேரட் மூட்டை ஏற்றி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்க வேண்டிய பிழைப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் என் வண்டிக்கும் இதே நோய்தான் வந்தது. பட்டறையில் பாட்டரி என்றார்கள், மாற்றினேன். ஸ்டார்ட் ஆகும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் என்றார்கள், நான்கையும் மாற்றினேன். கடைசியில், "டீசல் பம்பைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்டதும் வண்டியை விற்றுவிடலாமா என்று தோன்றியது.

அக்கம்பக்கத்தில் கேட்டால், "மலையில் காற்று மெல்லிசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உறைபனி விழும் மார்கழியில் எந்த வண்டியும் கொஞ்சம் முனகும். ஆனால் சித்திரை பிறந்த பிறகும் என் வண்டியின் அழுகை நிற்கவில்லையே!

முடிச்சை அவிழ்த்தது என் மனைவி. சக்கரத்துக்குக் கல் வைப்பதும் எடுப்பதும் அவள் வேலை. ஒருநாள் காலையில், "என்னங்க, கல்லை முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்த நாளெல்லாம் உடனே கிளம்புகிறது. பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்த நாளில்தான் இந்தப் பாடு" என்றாள். நான் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க வேண்டுமென்றே மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன், ஒருநாள்கூடத் தப்பவில்லை.

விஷயம் இதுதான். டாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எங்கோ மயிரிழை அளவுக்குக் காற்று புகுகிறது. மூக்கு மேலே பார்த்து நின்றால் குழாயில் இருக்கும் டீசல் இரவோடிரவாக டாங்கிக்கு இறங்கிவிடும். காலையில் பம்பு வெறும் காற்றை இழுக்கும். மூக்கு கீழே இருந்தால் டாங்கி உயரத்தில் நிற்கும், டீசல் இறங்காது. அதே ஓட்டையில் வெளியே கசியும். என் வண்டியில் டீசல் ஃபில்டர் தலையில் சில காலைகளில் ஈரம் பார்த்திருக்கிறேன். பனி என்று நினைத்துத் துணியால் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன், மடையன். முகர்ந்து பார்த்திருந்தால் பாட்டரிக் காசு மிஞ்சியிருக்கும்.

ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் குழாய்க்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, டீசலைக் கையால் ஏற்றும் கை பம்பை அடித்தேன். குமிழி குமிழியாக வந்தது. கடைசியாக ஃபில்டர் மாற்றியபோது பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருந்தார்கள். புது வாஷர் இரண்டு டீ விலை.

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகைபோக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன் பேச்செல்லாம் அப்போதுதான். என் வண்டியில் புகையே வரவில்லை. பட்டறையில் ஒருவரும் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. எஞ்சின் மந்தமாகச் சுற்றினால் மட்டும் பாட்டரியைச் சந்தேகியுங்கள்: சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. புது பாட்டரியாக இருந்தாலும் எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம்.

நான் மெக்கானிக் இல்லை. எல்லா வண்டிக்கும் இதுதான் காரணம் என்றும் சொல்லவில்லை. "காமன் ரெயில் வண்டிக்கு (மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் புது வகை எஞ்சின்) இது பொருந்துமா" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: காற்று புகும் கதை அங்கேயும் உண்டு, ஆனால் எஞ்சின் ஓடும்போது நாசில் குழாயைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். 1,000 பாருக்கு மேல் அழுத்தம் போகும், தோலைத் துளைத்துவிடும். காற்றுக் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொல்லும் நண்பர்களையும் நம்பாதீர்கள். சூடான ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் பிஸ்டனே உடையும்.

சமதளத்தில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரே சமதளத்தில் சனி, ஞாயிறு என்றால் வெளியூர்க் கார்கள்தான். 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தும் எங்களுக்கு இடம் கிடைத்தபாடில்லை. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. பர்லியாறு தாண்டி உர மூட்டையோடு ஏறும்போது ஒரு கார் கொண்டை ஊசி வளைவில் குறுக்கே வந்து நின்று, என் எஞ்சின் அணைந்து, மூக்கு மேலே பார்த்தபடி அரை மணி நேரம் நான் கை பம்பு அடித்த கதை தனி. காரில் இருந்தவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்றிரவு இறக்கம் பார்த்து நிறுத்துங்கள், கல்லை முன்சக்கரத்துக்கு முன்னால் வையுங்கள். காலையில் எத்தனை செல்ஃப் என்று இங்கேயே எழுதுங்கள்.