ஓட்ஸ் உப்புமா உதிரியாக வர வேண்டுமா?

கேள்வி: அக்கா, டாக்டர் சொன்னார் என்று ஓட்ஸ் வாங்கினேன். உப்புமா கிண்டினால் பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைகள் தொடுவதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ரவைக்கு ஊற்றுகிற தண்ணீரை இதற்கும் ஊற்றியிருப்பீர்கள், தங்கச்சி. ஓட்ஸ் ஏற்கெனவே ஆவியில் வெந்து தட்டையாக்கப்பட்ட தானியம். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். டாக்டர் சொன்னது அதற்காகத்தான் இருக்கும். தண்ணீரில் போட்டுக் கிளறினால் கொழகொழப்பாவதும் அதே நார்ச்சத்தால்தான்.

பெரிய இதழாக இருக்கும் சாதா ஓட்ஸ் வாங்குங்கள். உடனடி ஓட்ஸ் உப்புமாவுக்கு ஆகாது. ஒரு கப் ஓட்ஸை எண்ணெய் விடாமல் சிறுதீயில் வறுங்கள். நிறம் மாற வேண்டாம், வாசனை வந்தால் போதும். தட்டில் கொட்டி ஆற விடுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், கேரட், பட்டாணியை முழுக்க வேக வையுங்கள். ஓட்ஸ் விழுந்த பிறகு காய் வேக நேரம் இருக்காது. உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீர் அரைக் கப் போதும். ஓட்ஸைச் சேர்த்து, அந்த நீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் புரட்டி, மூடி, இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். உடனே கரண்டி போடாதீர்கள். சற்று ஆறியதும் முள்கரண்டியால் கிளறினால் உதிர் உதிராக வரும். கடைசியில் எலுமிச்சைச் சாறு.

கேள்வி: ஓட்ஸில் சோஜி (ரவை கேசரி போன்ற இனிப்பு) செய்ய முடியுமா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அருமையாக வரும். வறுத்த ஓட்ஸை மிக்ஸியில் ஒரே சுற்றுச் சுற்றி ரவை பதத்துக்கு உடையுங்கள், மாவானால் களியாகிவிடும். ஒரு கப்புக்கு மூன்று மேசைக்கரண்டி நெய்யில் திராட்சையைப் பொரித்தெடுத்து, அதே நெய்யில் ஓட்ஸைப் புரட்டி, சூடான பால் ஒன்றரைக் கப் விடுங்கள். பால் வற்றியதும் அரைக் கப் சர்க்கரை, ஏலக்காய். சர்க்கரை போட்டதும் இளகும், பயப்படாதீர்கள், மறுபடி இறுகும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள், பால் திரியாது.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. ஆடி மாதக் கூழை மீலி மீலுக்கு (மக்காச்சோள மாவுக்கு) பதில் ஓட்ஸில் காய்ச்சலாமா?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: மாரியம்மனுக்குப் படைப்பது வழக்கப்படி மீலி மீலிலேயே இருக்கட்டும். அத்தை குடிப்பதற்குத் தனியாக ஓட்ஸ் கூழ் காய்ச்சுங்கள். கொழகொழப்பு இங்கே நமக்கு வேண்டியதுதான். நொய் போல வெட்டிய ஓட்ஸ் கிடைத்தால் அதுவே நல்லது. உடனடி ஓட்ஸ் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். இரவு ஊறவைத்து, காலையில் அரை மணி நேரம் வேகவிட்டு, நன்றாக ஆறியதும் மாஸ் (தயிர் போலப் புளித்த பால்) ஊற்றி உப்புப் போட்டுக் கரையுங்கள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டால் போதும். ஓட்ஸும் மாவுச்சத்துதான் என்பதால் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். அத்தை இன்சுலின் போடுகிறவர் என்றால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: காலையில் மிஞ்சுகிற ஓட்ஸ் கஞ்சியை என்ன செய்வது?
– வாசகர், டொங்காட்

பதில்: இனிப்புப் போடாத கஞ்சி என்றால் அரிசி மாவு, வெங்காயம், சீரகம், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து கல்லில் அடையாகத் தட்டுங்கள். தீ மிதமாக இருக்கட்டும், ஓரம் சிவந்த பிறகே திருப்புங்கள்.