8 லட்சத்துக்குள்ள கல்யாணத்தை முடிக்க முடியுமா? எப்படி பிளான் பண்றது?

முடியும். நீங்க கேட்டிருக்கிறத பாத்தா பொண்ணு வீட்டுக்காரங்கன்னு தோணுது, அண்ணனாவோ அப்பாவாவோ இருக்கணும், அப்படி நெனச்சுக்கிட்டே சொல்றேன். ஆனா இந்த 8 லட்சத்துல நகையும் சேத்தின்னா இன்னைக்கு தங்கம் விக்கிற விலைக்கு நடக்காது. நகையத் தனிக் கணக்கா வைங்க.

என் தங்கச்சி கல்யாணம் மதுரைல, வைகாசி முகூர்த்தம். கணக்கு மொத்தமும் என் கைல. சித்தப்பா ஒருத்தருக்கு அட்வான்ஸ் குடுக்க, மாமா இன்னொருத்தருக்கு குடுக்கன்னு ஆளாளுக்கு எடுத்துக் குடுத்தா எந்தக் கணக்கும் நிக்காது, அதனால யார் கேட்டாலும் எங்கிட்டதான் வரணும்னு அப்பா மொதல்லயே சொல்லிட்டாரு.

மண்டபத்துக்காரங்க சொல்ற வாடகை மட்டும் வாடகை இல்ல. கரண்டுக்கு மீட்டர் ஓடுன யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் டீசல், கிளீனிங், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. வெயில் காலத்துல ஏசி மண்டபம்னா கரண்டு மட்டுமே பெரிய தொகையா வந்து நிக்கும். எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதி வாங்கிட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.

பணம் ஓடுற எடம் சாப்பாடுதான். இலைக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, சரி, எத்தன இலைன்னு எண்ணுறது யாரு? நாங்க பந்தி ஆரம்பிக்க முன்னாடியே இலைக்கட்ட எண்ணி எழுதி, பெரியப்பா பையன ஒரு நோட்டோட பந்தி வாசல்லயே நிக்க வச்சோம். ஒவ்வொரு பந்திக்கும் உக்காந்த தலைய எண்ணி எழுதுனான். மத்தியானம் கான்ட்ராக்டர் 650 இலைன்னாரு, எங்க நோட்டுல 580. கிழிஞ்ச இலை, போட்டும் ஆள் உக்காராத இலை எல்லாத்தையும் சேத்து சொல்லியிருக்காரு. நோட்டக் காட்டுனதும் பேசாம 580-க்கு வாங்கிட்டு போனாரு. அந்த 70 இலைக் காசு எங்கப்பா உழைச்ச காசுங்க.

"தங்கச்சி கல்யாணத்துல போயி இலை எண்ணுவானா"ன்னு கீழ யாராச்சும் கமென்ட் போடுவீங்கன்னு தெரியும். வந்தவங்க ஒருத்தர் கூட பசியோட போகல, ரெண்டாவது தடவ பாயசம் கேட்டவங்களுக்கும் இல்லன்னு சொல்லல. வட்டிக்கு வாங்கி செலவு பண்ணிட்டு அப்புறம் கட்டிக் குடுத்த பொண்ணு வீட்டுக்கு ஒரு நல்லநாள் பெரியநாளுக்குக்கூட சீர் கொண்டு போக முடியாம நிக்கிறவங்கள எங்க தெருவுலயே பாத்திருக்கேன், அதுக்கு இது எவ்வளவோ மேல்.

மொய்ய நம்பி மட்டும் பட்ஜெட் போடாதீங்க. எங்க பக்கம் கம்ப்யூட்டர்லயே மொய் எழுதி கையோட ரசீது குடுத்துடுவாங்க, அது வரவு இல்ல, நாளைக்கு அவங்க வீட்டு விசேஷத்துல கூடப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

நகைக்கு வந்தா, ரேட்டு எல்லாக் கடைலயும் ஏறக்கொறைய ஒண்ணுதான், அடி விழுறது சேதாரத்துல. ஒரே டிசைனுக்கு நாலு கடைல சேதாரம் எத்தன சதவீதம்னு கேளுங்க. கல்யாணத்துக்கு ஒரு வருசம் இருந்தா 11 மாச நகைச் சீட்டு சேரலாம், நெறைய கடைல சீட்டுக்கு சேதாரம் கொறைக்கிறாங்க, எத்தன சதவீதம் வரைக்கும்னு சேரும்போதே கேட்டுக்கங்க.

இது நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடுறேன். தாலி கட்டுற நேரத்துல மேடைய மறிச்சுக்கிட்டு வரிசையா கேமராக்காரங்க நின்னாங்க, முன்வரிசைல உக்காந்திருந்த எங்க அப்பத்தா பேத்தி கழுத்துல தாலி ஏறுனத பாக்கவே இல்ல. கெட்டிமேளம் கேட்டு அட்சதைய அந்த முதுகுங்க மேலதான் போட்டாங்க. இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்தாமையா இருக்கு. போட்டோவுக்கு அட்வான்ஸ் குடுக்கும்போதே தாலி கட்டுறப்ப ரெண்டு பேருக்கு மேல மேடைல நிக்கக்கூடாதுன்னு கறாரா சொல்லிடுங்க, ஆல்பம் கைக்கு வர்ற வரைக்கும் பணத்துல ஒரு பங்க நிறுத்தி வைங்க.