மோரிஸ் மைனர்: புதிதாகச் செய்த பழைய பாகங்களைப் பூட்டுவது எப்படி? கேள்வி பதில்

மோரிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காருக்கு ஸ்பாட் லைட், மட்கார்டு கண்ணாடி, வீல் டிரிம் என்று அந்தக் காலத்தில் கூடுதலாகப் பூட்டிய பாகங்களை இப்போது அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். பார்வைக்கு அசல்தான். வண்டியில் பூட்டும்போதுதான் வம்பு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோவை: அண்ணா, என்னுடையது 1959 மாடல், 948 சிசி. முன்னால் 55 வாட் ஸ்பாட் லைட் இரண்டு போட்டேன். ராத்திரி அரை மணி நேரம் ஓட்டினால் மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி புதுசு.

பேட்டரி மேல் குற்றமில்லை, கணக்கு இடிக்கிறது. உங்கள் வண்டியில் லூகாஸ் கம்பெனியின் சி39 டைனமோ (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் பழைய ஜெனரேட்டர்) இருந்தால் அதிகபட்சம் 19 ஆம்பியர், பின்னால் வந்த சி40 என்றால் 22. அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது மட்டும். சிக்னலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே வராது. இப்போது செலவைப் பாருங்கள். ஹெட்லைட்டில் 60 வாட் பல்பு போட்டிருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர். ஸ்பாட் லைட் இரண்டும் 9. சைடு, டெயில் லைட்டுக்கு 2, இக்னிஷன் காயிலுக்கு 3 அல்லது 4. மழை வந்து வைப்பரையும் போட்டால் 27 தாண்டுகிறது. துண்டு விழுவதைப் பேட்டரி ஈடு கட்டுகிறது, காலையில் படுத்துவிடுகிறது.

ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ரிலே சுவிட்சைக் காப்பாற்றும், கரண்டை உற்பத்தி செய்யாது. ஆனாலும் போடுங்கள், கூடவே தனி ஃபியூஸும். இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கே ஃபியூஸ் கிடையாது, அந்த வயரில் இன்னொரு விளக்கைத் தொற்ற வைக்காதீர்கள். ரிலேக்குள் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்தது) என்பதால் டயோடு தலைகீழாக மாட்டி ஷார்ட் ஆகும். ஸ்பாட் லைட்டில் 35 வாட் பல்பு போதும். இல்லையென்றால் கூடுதல் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். நான் மாற மாட்டேன், அது அவரவர் விருப்பம்.

யாழ்ப்பாணம்: அண்ணை, 1962 மொறிஸ் மைனர். இஞ்சை செய்த மட்காட் ரெண்டும் வாங்கிப் பூட்டினன். ஹெட்லைற் றிம் ஒரு பக்கம் ஒட்டுதில்லை, மேலாலை இடைவெளி தெரியுது. பெயின்ற் அடிச்சு முடிஞ்சுது. என்ன செய்யலாம்?

பெயின்ட் அடிக்கும் முன் கேட்டிருக்கலாம் தம்பி! உங்கள் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்த மோரிஸ் மைனர் சென்டருக்கே இலங்கையில்தான் தகட்டுப் பாகங்கள் செய்தார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் இந்த வண்டிகளை ஓட்டிக் காட்டியவர்கள் நீங்கள், இந்த இடைவெளி எம்மாத்திரம்.

முதலில் றிம்மைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் விளக்குக் கிண்ணத்தைப் பாருங்கள். கிண்ணம் சாய்ந்திருந்தாலும் றிம் மேலே தூக்கும். கிண்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் சில சமயம் அசலைவிடத் தடிமனாக வருகிறது, அதை மாற்றினாலே பாதி இடைவெளி போய்விடலாம். அதன் பிறகும் ஒட்டவில்லை என்றால் மட்கார்டு போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, தகட்டை நகர்த்திப் பாருங்கள். மைனரின் மட்கார்டு வெல்டிங் அல்ல, போல்ட்டில் நிற்பது, நகர இடம் கொடுக்கும். போல்ட்டு ஓட்டையை ரவுண்டு அரத்தால் கொஞ்சம் நீளமாக்கலாம். றிம்மை மட்டும் அடித்து வளைக்காதீர்கள், குரோம் வெடித்துவிடும்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மட்கார்டு, பானெட், கிரில், பம்பர், விளக்கு, றிம் எல்லாவற்றையும் கைமுறுக்கில் மாட்டுங்கள். கதவையும் பானெட்டையும் திறந்து மூடி இடைவெளி பாருங்கள். கண்ணாடிக்கும் ஏரியலுக்கும் வேண்டிய ஓட்டைகளை அப்போதே போட்டுவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி பெயின்டுக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

சென்னை: சார், ஸ்க்ரூ பாதி தூரம் போய் இறுகிவிடுகிறது. மரை தேய்ந்துவிட்டதா?

மரை வேறு சார். பழைய லூகாஸ் பாகங்களில் 2 பிஏ (பழைய இங்கிலாந்து அளவு) ஸ்க்ரூ நிறைய இருக்கும், விட்டம் 4.7 மில்லிமீட்டர். இப்போது செய்பவர்கள் எம்5 (மெட்ரிக் அளவு, விட்டம் 5 மில்லிமீட்டர்) கொடுத்துவிடுகிறார்கள். மரை இடைவெளி 0.81, 0.8 என்று கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால்தான் ஏமாற்றுகிறது. ஸ்பேனரை வைத்து முறுக்கினால் பழைய நட்டு பாழாகும். கால் இஞ்ச் யுஎன்எஃப் (இஞ்ச் அளவு நுண்மரை) நட்டில் எம்6 போல்ட்டைப் போட்டால் நேர்மாறு. லொடலொடவென்று உள்ளே போய், முறுக்கும்போது மரையை வழித்துக்கொண்டு வெளியே வரும். புது பாகத்தை அதனுடன் வந்த நட்டோடு மாட்டுங்கள், பழையதைத் தொடாதீர்கள்.

நாகர்கோவில்: மட்கார்டு கண்ணாடி ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகப் பூத்துவிட்டது. நல்ல குரோமை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடல் காற்றுக்குக் குரோம் மட்டும் தாங்காது. அடியில் செம்பும் நிக்கலும் தடிமனாக இருக்க வேண்டும், மலிவுச் சரக்கில் அந்த இரண்டிலும்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். காந்தம் இங்கே உதவாது, பித்தளையிலும் துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுக்குப் பித்தளை நன்றாகவே கனக்கும். கண்ணாடியின் கால் துத்தநாகக் கலவையில் வார்த்தது என்றால் நட்டை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள், முறிந்துவிடும். மாட்டும்போது அடியில் ரப்பர், தகட்டுக்கு உள்பக்கம் பெரிய வாஷர், ஓட்டையின் விளிம்பில் பிரைமர். இந்த மூன்றையும் விட்டால் கண்ணாடி பூக்கும் முன்பே மட்கார்டு துருப்பிடிக்கும்.

ஈப்போ, மலேசியா: 1958 வண்டி, பக்கவாட்டில் சிறு கை நீட்டும் பழைய இண்டிகேட்டர். அதை விட்டுவைத்து, கூடுதலாக எல்இடி ஃபிளாஷர் போட்டேன். எரிகிறது, சிமிட்டவில்லை.

இரண்டு 21 வாட் பல்பு இழுக்கும் கரண்டில் சூடாகித்தான் பழைய ஃபிளாஷர் யூனிட் வேலை செய்யும். எல்இடி அவ்வளவு இழுக்காது. ஒன்று சாதாரண பல்புக்குத் திரும்புங்கள், இல்லை பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்த எலக்ட்ரானிக் யூனிட் வாங்குங்கள். இதற்காக வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற நினைத்தால் பெட்ரோல் பம்பை முதலில் பாருங்கள். இப்போது வரும் எஸ்யு கம்பெனி பம்புகளில் டயோடோ எலக்ட்ரானிக்ஸோ இருக்கும், திசை மாறினால் கெடும்.

மதுரை: ஃபியூஸ் 35 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. கடையில் 35 கேட்டு வாங்கினேன். சரிதானே?

சரியில்லை. லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருக்கும் 35 அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 சுமார். இன்றைய ஃபியூஸில் எழுதுவது தொடர்ந்து தாங்கும் அளவு. நீங்கள் போட்டது உருகும் முன் வயர் உருகும். இன்றே மாற்றுங்கள்.

ஊட்டி: ரேடியேட்டர் முன் கட்டும் தோல் உறை வாங்கலாமா? அழகாக இருக்கிறதே.

தமிழ்நாட்டில் அதைக் கேட்க உரிமையுள்ள ஊர் உங்களுடையது. மார்கழிக் காலையில் மூடி வைத்துக் கிளப்புங்கள், இன்ஜின் சூடானதும் திறந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது கழற்றி டிக்கியில் போடுங்கள், பாதி வழியில் கொதிக்க வேண்டாம்.