இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தால் ஆணுறை வேண்டாமா?

கேள்வி: என் வயது 34. இரண்டு வருடமாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். போன மாத ரிப்போர்ட்டில் வைரஸ் தென்படவில்லை என்று வந்தது. என் துணைவரும் ஆண், அவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. ‘ரெண்டு பேருக்கும்தான் இருக்கே, ஆணுறை எதுக்கு?’ என்கிறார். எனக்கோ இந்த ஆசையே தப்பு என்று தோன்றுகிறது.

பதில்: ஆசையில் தப்பே இல்லை. வைரஸ் தென்படாத நிலையில் நீங்கள் இருக்கும்வரை, உடலுறவு வழியாக உங்களிடமிருந்து எச்.ஐ.வி. யாருக்கும் போகாது. ஐரோப்பாவில் நடந்த ‘பார்ட்னர் 2’ ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 782 ஆண் இணைகள். ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு. வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) 200க்குக் கீழே இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. குற்ற உணர்ச்சியோடு வாழ உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் துணைவர் சொல்லும் காரணத்தை நான் ஏற்க மாட்டேன். அவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அவருடைய வைரல் லோடு எவ்வளவு? கடைசி ரிப்போர்ட்டை வாங்கித் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுபவரின் உடலில் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகலாம். அது ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள இன்னொருவருக்குத் தொற்றுவது அபூர்வம்தான், ஆனாலும் நடக்கக்கூடியது.

இருவருக்குமே வைரஸ் அடங்கியிருந்தாலும் மற்ற பால்வினை நோய்களை ஏ.ஆர்.டி. மாத்திரை தடுக்காது. அதே ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அவற்றில் ஏதோ ஒன்று வந்தது. நான் அதிகம் கவலைப்படுவது சிபிலிஸைப் பற்றி. அதன் முதல் புண் வலிக்காது. ஆசனவாய்க்குள்ளோ வாய்க்குள்ளோ வந்தால் கண்ணிலும் படாது. சில வாரங்களில் தானே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்புகள் வரலாம். பார்வை மங்கினாலோ காது திடீரெனக் கேட்காமல் போனாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வெளியே வேறு உறவு இருவருக்குமே இல்லையென்றால், இருவரும் சோதித்துக்கொண்ட பிறகு ஆணுறையை விடுவது உங்கள் விருப்பம். இருந்தால் ஆணுறை போடுங்கள். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சிபிலிஸுக்கு ரத்தம் கொடுங்கள். தொண்டையிலும் ஆசனவாயிலும் உள்ள வெட்டை நோய் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது. அந்த இடங்களில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையத்தில் இதற்கெனவே ஆலோசகர் இருக்கிறார். ஆரம்பகட்ட சிபிலிஸுக்கு பென்சத்தீன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், ஒரே வேளை ஊசி. துணைவருக்கும் சிகிச்சை தராவிட்டால் நோய் திரும்பி வரலாம்.

பலரிடம் ஆணுறை கிழிவதற்குக் காரணம் தேங்காய் எண்ணெயோ வாசலினோதான். எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேட்டக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே பலமிழந்துவிடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மட்டும் பயன்படுத்துங்கள்.

விறைப்புக்காக சில்டெனாஃபில் சாப்பிடும் எண்ணம் இருந்தால் முதலில் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லுங்கள். டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரையோடு அதற்குப் பிரச்சினை இல்லை. ரிட்டோனாவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்தில் இருப்பவருக்கு சில்டெனாஃபில் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். அவர்கள் 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது.