தவறிய சொல்லும் அடுத்த வாக்கியமும்

கேள்வி: இன்னும் ஆறு வாரங்களில் தொழில்முறை உரைபெயர்ப்பாளர் (ஒருவர் பேசுவதைக் கேட்டு வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்) தேர்வுக்குச் செல்லவிருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டும் எனக்குச் சரளமாக வரும். ஆனால் மாதிரித் தேர்வில் ஓர் எண்ணையோ சொல்லையோ தவறவிட்டால், அதையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த இரண்டு வாக்கியங்களையும் கோட்டை விட்டுவிடுகிறேன். ஏற்கெனவே ஒருமுறை தேறாதவள் என்பதால் பயம் இரட்டிப்பாக இருக்கிறது. தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது?
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தவறிய எண்ணால் போனது ஓர் எண். அதை நினைத்துக் கலங்கியதால் போனவை இரண்டு வாக்கியங்கள். ஆகவே தவறியபின் மீண்டு எழுவதைத்தான் இந்த ஆறு வாரமும் பழக வேண்டும் என்பேன். வீட்டில் பயிற்சி செய்யும்போது, ஒரு சொல் நழுவியதும் பதிவை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, முதலிலிருந்து தொடங்குவது பலருடைய வழக்கம். தவறினால் நின்றுவிட வேண்டும் என்று நம்மை நாமே பழக்கிக்கொள்வதுதான் இது. இனி எது நழுவினாலும் பதிவை நிறுத்தாதீர்கள். முடிந்தால், யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லி, வேண்டுமென்றே ஓர் எண்ணை விழுங்கிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள்.

மீள்வதற்கான வாக்கியங்களை இரு மொழிகளிலும் நாக்கில் தயாராக வைத்திருங்கள். பேசுபவரின் இடத்திலிருந்து 'நான்' என்று பேசுவதால், உரைபெயர்ப்பாளர் தம்மைப் படர்க்கையில்தான் குறிப்பிட வேண்டும்: "அந்தத் தொகையை மீண்டும் சொல்லுமாறு உரைபெயர்ப்பாளர் கேட்டுக்கொள்கிறார்", "உரைபெயர்ப்பாளரின் திருத்தம்: பதினைந்து அல்ல, ஐம்பது". (ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் காதில் ஒன்றாக விழாத உரைபெயர்ப்பாளரை நான் பார்த்ததில்லை.) எத்தனை முறை மீண்டும் கேட்கலாம் என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும், விதிமுறையை முன்கூட்டியே படித்துவிடுங்கள். ஓர் அமைப்பின் பெயர் நழுவினால் 'அந்த அமைப்பு' என்று சொல்லிச் சமாளிக்கலாம். மருந்தின் பெயரையோ அளவையோ தேதியையோ அப்படி மழுப்பக் கூடாது, கேட்டே ஆக வேண்டும்.

கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மீது 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் விசாரணையில் நான்கு மொழிகளில் உடனுக்குடன் உரைபெயர்ப்பு நடந்தது. பேசுபவர் வேகமாகப் போனால் எச்சரிக்க ஒரு மஞ்சள் விளக்கும், நிறுத்தச் சொல்ல ஒரு சிவப்பு விளக்கும் அங்கே வைத்திருந்தார்கள். அத்தனை பெரிய வழக்கிலேயே அதற்கு இடம் இருந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் பயம் என்று சொல்வதில் ஒரு பகுதி வெறும் பயிற்சிக் குறைவு. எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். '3.7 மில்லியன்' என்று கேட்ட நொடியில் '37 லட்சம்' என்று வராவிட்டால், நெஞ்சு படபடப்பதில் வியப்பில்லை. தினமும் பத்து நிமிடம் மில்லியனை லட்சமாகவும், பில்லியனை நூறு கோடியாகவும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள்; சில வாரங்களில் அந்தப் படபடப்பு பெருமளவு அடங்கிவிடும். குறிப்பெடுக்கும்போதும் எண்ணையும் பெயரையும் முதலில் எழுதுங்கள், ஏனென்றால் கருத்தை நினைவு தாங்கும், இலக்கங்களைத் தாங்காது. தமிழில் 'இல்லை' பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும் என்பதால், அதற்கென்று ஒரு பெரிய குறியை வைத்துக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் தமிழில் எளிதாக நேரும் ஒரு வழுக்கலும் உண்டு. நோயாளி சொன்னதை "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்று சொல்லாமல், "அவருக்கு நெஞ்சு வலிக்கிறதாம்" என்று நம்மையறியாமல் சொல்லிவிடுவோம். உங்கள் பயிற்சியைப் பதிவுசெய்து கேட்கும்போது அந்த 'ஆம்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 'பிரதர்' என்று காதில் விழுந்ததும் அண்ணனா தம்பியா என்று திகைக்கவும் வேண்டாம். 'சகோதரர்' என்றால் போதும்.

பதிவை அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் நம் குரலின் நடுக்கம்தான் காதில் விழும். சென்ற தேர்வின் மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால், மனம் வராவிட்டாலும் எடுத்துப் படியுங்கள். விடுபட்டவை அதிகமா, தவறாகச் சொன்னவை அதிகமா என்று தெரிந்தால், இப்போது உருவமில்லாமல் மிரட்டும் தோல்வி இரண்டு மூன்று வேலைகளாகச் சுருங்கிவிடும்.

கேள்வி: தேர்வுக்கு முந்தைய நாள் புதிய கலைச்சொற்களைப் படிக்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம். ஏற்கெனவே படித்தவற்றையே, கண்ணால் அல்லாமல் வாயால், இரு திசைகளிலும் சொல்லிப் பாருங்கள். பார்த்தால் புரிகிற சொல் எல்லாம் கேட்டவுடன் நாக்குக்கு வந்துவிடுவதில்லை. தேர்வு அறைக்கு வெளியே காத்திருக்கும்போது பக்கத்திலிருப்பவருடன் சொற்களைச் சரிபார்க்கும் வேலையும் வேண்டாம். நீங்கள் கேள்விப்படாத ஒரே ஒரு சொல்லை அவர் சொல்லிவிட்டால் போதும், அன்றைய காலை அதிலேயே போய்விடும்.