வரிசையில் நிற்பவர் பொய் சொல்கிறாரா? – உணவு வங்கி பற்றிய கேள்வி பதில்

பத்து வருடங்களுக்கும் மேலாக ஒரு வட்டார உணவு வங்கியை நடத்தி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இலவசச் சாப்பாடு போடும் இடத்துக்கும் உணவு வங்கிக்கும் என்ன வித்தியாசம் மேடம்?

அங்கே சமைத்துப் பரிமாறுவார்கள். நாங்கள் பெரும்பாலும் சமைப்பதில்லை. விவசாயிகள், ஆலைகள், மொத்த வியாபாரிகளிடம் விற்காமல் மிஞ்சிய நல்ல பொருளை வாங்கி, தரம் பார்த்து, கிடங்கில் வைத்து, அந்தந்தப் பகுதியில் வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்கு அனுப்புகிறோம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1967-இல் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதைத்தான் முதல் உணவு வங்கி என்கிறார்கள்.

பொருளாகத் தரலாமா, பணமாகவா?

பணம். மொத்த விலையில் வாங்க எங்களால் முடியும். லாரிக்கு டீசல், குளிர்பதன அறைக்கு மின்கட்டணம், இதற்கெல்லாம் யாரும் பொருள் தர முடியாது. பொருள்தான் தருவேன் என்றால், முதலில் ஒரு போன் செய்து என்ன குறைவாக இருக்கிறது என்று கேளுங்கள்.

விசேஷத்தில் மிஞ்சிய சாப்பாட்டை எடுத்துக்கொள்வீர்களா?

நேரத்தைப் பொறுத்தது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சமைத்த உணவை நாங்கள் தொடுவதில்லை. ஒருநாள் இரவு ஒருவர் மூன்று பெரிய பாத்திரங்களோடு வாசலில் வந்து நின்றார். மூடியைத் திறந்தால் வெதுவெதுப்பு மட்டும்தான் இருந்தது. எப்போது சமைத்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. திருப்பி அனுப்பினேன். அவர் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனாலும், பசியோடு இருப்பவரின் வயிறு மட்டும் எதையும் தாங்கும் என்று நினைக்க நமக்கு உரிமை இல்லை.

பொய் சொல்லி வாங்கிப் போகிறவர்களை எப்படித் தடுக்கிறீர்கள் அக்கா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆரம்பத்தில் நானும் வருமானச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கேட்டேன். அதனால் வராமல் நின்றுபோனவர்கள் யார் தெரியுமா? வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்கள், தினக்கூலிக்காரர்கள், கையில் காகிதம் இல்லாத முதியவர்கள். ஏமாற்ற நினைப்பவர் எப்படியும் காகிதத்தோடு வந்துவிடுவார். இப்போது பெயரும் வீட்டில் எத்தனை பேர் என்பதும் மட்டும் கேட்கிறோம்.

ஒரே மாதிரிப் பை கட்டிக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். வாங்கிப் போன பையில் பாதியை ஒரு பெண் மறுநாள் திரும்பக் கொண்டுவந்தார். "வீட்டில் அடுப்பு இல்லைங்க, வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றார். அன்றிலிருந்து பொருட்களை மேசையில் அடுக்கி வைக்கிறோம். வருபவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். வீணாவதும் குறைந்தது.

வீணாகும் உணவைப் பகிர்ந்தாலே பசி தீர்ந்துவிடாதா?

தீராது. 2022-இல் உலகெங்கும் வீடுகள், உணவகங்கள், கடைகளில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது, அது எங்கள் கைக்கே வராது. அப்புறம், எங்களிடம் வருபவர்களின் பிரச்சினை பெரும்பாலும் உணவு இல்லாதது அல்ல, பணம் இல்லாதது. வேலை போயிருக்கும், வீட்டில் யாருக்காவது நோய் வந்திருக்கும். நாங்கள் அந்த வாரத்தைத் தாண்ட உதவுகிறோம். கூலியும் ஓய்வூதியமும் போதுமான அளவு கிடைக்க வேண்டும் என்று பேசுவதும் எங்கள் வேலைதான்.

அடுத்த மாதம் ஓர் உணவு வங்கியின் பொறுப்பை ஏற்கிறேன். முதலில் என்ன செய்யட்டும்?

வாழ்த்துகள். முதல் வாரம் லாரியில் ஏறிப் போங்கள். யாருக்கு எது வேண்டும் என்பது கிடங்கில் உட்கார்ந்தால் தெரியாது. அமெரிக்கக் கூட்டமைப்பு ஒன்று 2005-இல் தன் உணவு வங்கிகளுக்குக் கற்பனைப் பணம் கொடுத்து, வேண்டிய பொருளை ஏலம் கேட்கச் சொன்னது. உருளைக்கிழங்கு குவிந்து கிடக்கும் இடத்துக்கே இன்னொரு லாரி உருளைக்கிழங்கு போவது அதனால் குறைந்தது. உங்கள் கிளை அமைப்புகளிடமும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். விநியோகம் முடிந்ததும் மேசையில் மிஞ்சியது என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த லோடுக்கான பட்டியல் அதிலிருந்துதான் வரும்.